நெஞ்சைத் திறக்கிற கை

"இடஒதுக்கீடு, சமூக நீதின்னு இவ்வளவு பேசறியே, நாளைக்கு உங்க அப்பாவுக்கு இதயத்துல ஆபரேஷன்னா கோட்டாவுல வந்த டாக்டர்கிட்டயா கொண்டு போவ?"

இந்தக் கேள்வியை ஒருமுறையேனும் எதிர்கொள்ளாத தலித் மாணவர் இருக்க முடியாது. என்னிடம் இது கேட்கப்பட்டது 2006இல். அந்தக் கோடையில், மத்திய அரசின் உயர்கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு இடம் என்ற அறிவிப்பை எதிர்த்து தில்லியில் மருத்துவ மாணவர்கள் தெருவுக்கு வந்திருந்தார்கள். டீக்கடைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளைகள் துடைப்பத்தை எடுத்துச் சாலையைப் பெருக்கினார்கள். உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டார்கள். இடஒதுக்கீடு வந்தால் எங்கள் கதி இதுதான் என்று நாட்டுக்குக் காட்டினார்கள். எங்க அப்பா நகராட்சியில் துப்புரவுத் தொழிலாளி. அவர் நாள்தோறும் பிடிக்கிற துடைப்பம் அவர்களுக்கு அவமானத்தின் சின்னமாகப் பயன்பட்டது. கல்லூரி திறந்த சில நாட்களில் கூடப் படித்தவன் ஒருவன் மேற்கண்ட கேள்வியைக் கேட்டான். "தாராளமா கொண்டு போவேன்" என்று சத்தமாகச் சொன்னேன். நம்ம பையன்கள் கைதட்டினார்கள். விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 2022இல், அந்தக் கேள்வி நிஜமாகவே வந்து நின்றது.

அப்பாவுக்கு மாடிப்படி ஏறினால் நெஞ்சை அடைத்தது. வாயுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணியும் சோடாவும் குடித்துக்கொண்டே ஆறு மாதம் வேலைக்குப் போனார். ஒப்பந்தத் தொழிலாளிக்கு லீவு கிடையாது, வராத நாளுக்குக் கூலி கிடையாது. ஒருநாள் வண்டி தள்ளிக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்துவிட்டார். ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டு போகிற மூன்று குழாய்களிலும் அடைப்பு. "ஸ்டென்ட் வைக்கிற கட்டத்தைத் தாண்டிடுச்சு, பைபாஸ்தான்" என்றார்கள்.

பைபாஸ் என்றால் என்ன என்பதை நம்ம ஜனங்களுக்குப் பெரும்பாலும் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன். நடு நெஞ்செலும்பை நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்துத் திறக்கிறார்கள். காலிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுக்கிறார்கள், மார்பின் உட்சுவரில் ஓடுகிற ஒரு தமனியையும் பிரித்தெடுக்கிறார்கள். பல அறுவைகளில் இதயத்தை நிறுத்திவிடுகிறார்கள். அதுவரைக்கும் உடம்புக்கு ரத்தத்தையும் காற்றையும் ஒரு எந்திரம் கொடுக்கிறது. அந்த எந்திரத்தை வைத்து மனித இதயத்தில் முதலில் வெற்றி கண்டவர் அமெரிக்காவின் ஜான் கிப்பன், 1953இல். நின்றுபோன இதயத்தின் மேல், தலைமயிரைவிட மெல்லிய நூலால், அடைப்பைத் தாண்டி மாற்றுக் குழாயைத் தைக்கிறார்கள். பிறகு இதயத்தை மறுபடி துடிக்க வைத்து, எலும்பைக் கம்பியால் கட்டி மூடுகிறார்கள். 

இப்படி ஒருவரிடம் உடம்பைக் கொடுப்பது என்றால் அவரை எதை வைத்து நம்புவது? 

எங்கள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. அரசின் காப்பீட்டு அட்டையை ஏற்றுக்கொள்கிற ஒரு தனியார் மருத்துவமனை. இன்னொன்று அரசு மருத்துவமனை. கட்சித் தோழர் ஒருவர் போன் செய்து, "அரசு ஆஸ்பத்திரியில இதய சர்ஜன் ஒருத்தர் இருக்காரு. நம்ம ஆளுதான். நான் சொல்றேன், போய்ப் பாருங்க" என்றார். 

இங்கேதான் நான் வெட்கத்தோடு ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. "நம்ம ஆளு" என்ற சொல் காதில் விழுந்ததும் சந்தோஷம் வந்தது. அதே நொடியில், அதற்குக் கீழேயிருந்து இன்னொன்றும் வந்தது: நல்லாப் பண்ணுவாரா? தனியார் மருத்துவமனை சர்ஜனைப் பற்றி நான் இப்படி நினைக்கவில்லை. அவர் என்ன சாதி என்றுகூட எனக்குத் தெரியாது. கேட்கத் தோன்றவும் இல்லை. மேடையில் அம்பேத்கரைப் பேசுகிற, பத்து வருடமாக இயக்கத்தில் இருக்கிற எனக்குள், 2006இல் கேள்வி கேட்டவன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

சரி, "நம்ம ஆளு" என்றதும் வந்த அந்தச் சந்தோஷம் மட்டும் யோக்கியமானதா? அதையும் விசாரிக்க வேண்டும். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் அம்பேத்கர் ஒரு சம்பவத்தை எடுத்துக் காட்டுகிறார். கத்தியவாரைச் சேர்ந்த, துப்புரவுச் சாதியில் பிறந்த ஒரு பள்ளி ஆசிரியர் எழுதிய கடிதம் அது. 1929 டிசம்பரில் 'யங் இந்தியா'வில் வெளிவந்தது. பிரசவமான அவர் மனைவிக்கு உடம்பு மோசமாகிறது. மருத்துவர் சேரிக்குள் வர மறுக்கிறார். நோயாளியை வெளியே கொண்டு வரச் சொல்கிறார். வெப்பமானியைத் தன் கையால் கொடுக்காமல் ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவனிடம், கணவன் மனைவியிடம். அதே வழியில் திரும்ப வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, நிமோனியா என்கிறார். அந்தப் பெண் இறந்துபோனாள்.

தொடாமலேயே வைத்தியம் பார்க்கப்பட்ட ஜனங்கள் நாம். இன்று எவரும் வெப்பமானியை மூன்று கை மாற்றிக் கொடுப்பதில்லை. ஆனால் ஓ.பி. சீட்டில் தொழிலையும் முகவரியையும் பார்த்ததும் மாறுகிற குரலை நம்மில் பலரும் கேட்டிருக்கிறோம். அதனால் உயிர் போகிற நேரத்தில் நம்மைத் தொட அருவருக்காத ஒருவரைத் தேடுவதைச் சாதிப்பற்று என்று யாரும் சொல்லிவிட முடியாது. அது பயம். நியாயமான பயம். ஆனால் பயம் ஒரு கதவைத் தட்டச் சொல்லலாம். கதவுக்குப் பின்னால் இருப்பவர் நல்ல சர்ஜனா என்று அது சொல்லாது.

அந்த அரசு மருத்துவரைப் போய்ப் பார்த்தோம். நாற்பது வயசிருக்கும். சிரித்த முகம் என்று சொல்ல முடியாது. தோழர் பேரைச் சொல்லி, "நாமெல்லாம் ஒண்ணு சார்" என்று இழுத்தேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"அதுக்காக வந்திருந்தீங்கன்னா வேற டாக்டர்கிட்ட போயிடுங்க. ஆபரேஷன் பண்றவன்கிட்ட என்ன கேக்கணுமோ அதக் கேளுங்க."

"என்ன சார் கேக்கணும்?"

"இந்த ஆபரேஷன் எத்தனை பண்ணியிருக்கேன்னு கேளுங்க. போன வருஷம் எத்தனை, அதுல எத்தனை பேர் போயிட்டாங்கன்னு கேளுங்க. உங்க அப்பா மாதிரி சர்க்கரையும் பீடியும் இருக்கிறவங்க எப்படி இருக்காங்கன்னு கேளுங்க. இதயத்துல தைக்கிறது நானா, பயிற்சியில இருக்கிறவரா. மயக்கம் குடுக்கிறது யாரு. ராத்திரி ரத்தம் கசிஞ்சா ஐ.சி.யூவுல யாரு இருப்பாங்க. இதெல்லாம் கேளுங்க."

ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். இறந்தவர்கள் எண்ணிக்கையை ஒளிக்கவில்லை. அப்பாவைப் பார்த்து, "உங்களுக்கும் அது நடக்கலாம். நடக்காம இருக்கிறதுக்குத்தான் இத்தனை பேரு இருக்கோம்" என்றார்.

அதே கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். அந்த சர்ஜனும் பதில் சொன்னார். உண்மையைச் சொல்ல வேண்டும்: அவர் செய்திருந்த அறுவைகள் இன்னும் அதிகம். பேச்சும் மரியாதையாக இருந்தது. இறப்பைப் பற்றிக் கேட்டபோது மட்டும், "பெரியவர் கொஞ்சம் வெளிய உக்காரட்டும்" என்று அப்பாவை அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார். அப்பாவின் நெஞ்சைப் பற்றி அப்பா இல்லாத அறையில் இரண்டு படித்தவர்கள் பேசிக்கொண்டோம். அப்போது எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கணக்குப் போட்டேன். மூன்றாம் நாள் அம்மாதான் கேட்டது: "நெஞ்சு யாருது? அந்த மனுஷனக் கேட்டியா?"

கேட்டேன். அப்பா சொன்னது இது: "ரெண்டு எடத்துலயும் கூட்டறவங்களப் பாத்துப் பேசலாம்னு போனேன்டா. பெரிய ஆஸ்பத்திரியில வாசல்ல பளபளன்னு இருக்குது. உள்ள போவ வாட்ச்மேன் வுடல. கவர்மெண்ட்டு ஆஸ்பத்திரியில அந்த வார்டு கூட்டற அம்மா நம்ம பக்கத்து ஊரு. ஐ.சி.யூவுக்குத் தனி மாப்பு, கக்கூசுக்குத் தனி மாப்பாம். மாத்தி எடுத்தா சிஸ்டரு சண்டைக்கி வருமாம். கையொறை குடுக்கறாங்களாம். அங்கயே போவலாம். அந்த டாக்டரு சாவப் பத்தி எங்கிட்டயே சொன்னாரு பாரு, அதுவும் புடிச்சிது."

நெஞ்சு திறந்த அறுவைக்குப் பிறகு பயப்பட வேண்டியவற்றில் ஒன்று எலும்புவரை போகிற கிருமித்தொற்று. சர்க்கரை நோயாளிக்கு அந்த ஆபத்து கூடுதல். எம்.ஏ. படித்த நான் கேட்க மறந்த கேள்வியை, நாற்பது வருடம் துடைப்பம் பிடித்த மனிதர், கேட்க வேண்டிய ஆளிடம் கேட்டுவிட்டு வந்திருந்தார். ஒரு இதயத்தைத் தைப்பது ஒரு கை மட்டும் செய்கிற வேலையாக என் மனதில் இருந்தது. மயக்க மருத்துவர், எந்திரத்தை ஓட்டுகிறவர், இரவெல்லாம் கண்விழிக்கிற செவிலியர், ரத்தம் கொடுக்கிறவர், மாப்பைத் தனித்தனியாக அலசி வைக்கிற அந்த அம்மா, எல்லாரும் சேர்ந்துதான் ஒரு ஆள் உயிரோடு வீட்டுக்குப் போகிறார். இதில் 'தகுதி' என்ற சொல் ஒருவருக்கு மட்டும் எப்படிப் போய் ஒட்டிக்கொண்டது?

பிறகு தயாரிப்பு. இதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பீடியை அன்றே நிறுத்தச் சொன்னார்கள். பல்லைக் காட்டச் சொன்னார்கள், சொத்தைப் பல்லில் இருக்கிற கிருமி ரத்தத்தோடு இதயத்துக்குப் போகுமாம். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வர வேண்டும். கழுத்து ரத்தக்குழாய்க்கு ஸ்கேன். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிட்ட குளோபிடோகிரெல் மாத்திரையை ஐந்து நாள் முன்னால் நிறுத்த வேண்டும், அதுவும் மருத்துவர் சொன்ன பிறகுதான். மூன்று பந்து இருக்கிற ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து மூச்சை இழுத்துப் பழகச் சொன்னார்கள். அப்பா திண்ணையில் உட்கார்ந்து பந்தை ஏற்றுவார், தெருப் பிள்ளைகள் எண்ணும். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளப் பழகினார். ரத்தம் கொடுக்கத் தெருவிலிருந்து பையன்கள் வந்தார்கள். எங்கள் ரத்தம் யாருக்கு ஏறியதோ, அப்பாவுக்கு யாருடையது ஏறியதோ. பாட்டிலில் வகை எழுதியிருந்தது, சாதி எழுதவில்லை.

இதெல்லாம் யாரால் முடியும்? அறுத்த நெஞ்செலும்பு கூட இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை பாரம் தூக்கக் கூடாது. 'ஓய்வு எடுங்கள்' என்ற அறிவுரை மாதச் சம்பளக்காரனுக்கு மருந்து, தினக்கூலிக்குப் பட்டினி. அப்பாவோடு வேலை செய்தவர்கள் முறைவைத்து அவர் தெருவையும் சேர்த்துப் பெருக்கி வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அறுவைக்கான தயாரிப்பில் இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். 

ஒப்புதல் படிவத்தை அப்பாவுக்கு வரிவரியாகப் படித்துக் காட்டினேன். 'மரணம் நேரலாம்' என்ற இடத்தில் நான் வேகமாகப் படித்தேன். "மறுக்கா படி" என்றார். படித்தேன். கையெழுத்துப் போட்டார்.

அறுவை முடிந்து ஐ.சி.யூவுக்குக் கொண்டு வந்தார்கள். அன்று இரவு இரண்டு மணிக்கு என்னை எழுப்பினார்கள். குழாய் வழியாக ரத்தம் அதிகம் வருகிறது, மறுபடி திறந்து பார்க்க வேண்டும் என்றார்கள். இப்படிச் சிலருக்கு நேரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அந்த சர்ஜன் வீட்டிலிருந்து ஓடி வந்து தியேட்டருக்குள் போனதைப் பார்த்தேன். நடைபாதையில் தரையில் உட்கார்ந்தேன். அப்போது மறுபடியும் அது வந்தது: 'தப்பு பண்ணிட்டமோ. அந்த இன்னொரு டாக்டர்கிட்டயே போயிருக்கலாமோ.'

கதவு மூடியிருந்த அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் யோசித்ததைத்தான் இந்தக் கட்டுரையில் எழுத உட்கார்ந்தேன். அப்பா செத்துப்போனால் நான் என்ன சொல்வேன்? ஊர் என்ன சொல்லும்? 'அப்பவே சொன்னேன், கோட்டா டாக்டர்' என்று சொல்லும். தனியார் மருத்துவமனையில் அதே இரவில் அதே ரத்தம் கசிந்து அப்பா செத்திருந்தால்? விதி என்போம். சர்க்கரை என்போம். பீடி என்போம். மிஞ்சிப் போனால் அந்த ஒரு டாக்டர் சரியில்லை என்போம். அவர் சாதிக்கே அறுக்கத் தெரியாது என்று எவரும் சொல்லமாட்டோம்.

சாதி இந்துவின் தவறு அவனுடைய தவறு. தலித்தின் தவறு பிறப்பின் தவறு. தகுதி பற்றிய இந்த நாட்டுப் பேச்சு முழுவதும் இந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கிறது.

தகவல்கள் இந்தக் கணக்குக்கு எதிராக இருக்கின்றன. இடஒதுக்கீடு கல்லூரி வாசலில் நுழைவதற்கு மட்டும்தான். உள்ளே போன பிறகு எல்லாருக்கும் ஒரே தேர்வு, ஒரே தேர்ச்சி மதிப்பெண். அதுவும் இதய அறுவை என்பது உயர்சிறப்புப் படிப்பு. 1992இல் மண்டல் வழக்கின் தீர்ப்பிலேயே மருத்துவ உயர்சிறப்புத் துறைகள் இடஒதுக்கீட்டுக்கு உகந்தவை அல்ல என்று உச்சநீதிமன்றம் கருத்துச் சொன்னது. 1999இல் ப்ரீத்தி ஸ்ரீவஸ்தவா வழக்கில், அந்த மட்டத்தில் இடஒதுக்கீடு இருக்கவே முடியாது என்றது. ஆக 'கோட்டா இதய சர்ஜன்' என்று பயமுறுத்துகிறார்களே, அந்தப் பூச்சாண்டி பெரும்பாலும் வாய்வழி உலவுகிற பேய். பணம் கட்டி வாங்கிய மருத்துவ இடங்கள் இந்த நாட்டில் எத்தனை ஆயிரம்! 'நீங்க எத்தனை லட்சம் குடுத்துப் படிச்சீங்க டாக்டர்?' என்று எந்த நோயாளியாவது கேட்டதுண்டா?

ஆனால் தகவல் தெரிந்த எனக்கும் அந்த நடைபாதையில் சந்தேகம் வந்தது. அதனால் இது தகவலால் மட்டும் தீருகிற நோயாக எனக்குத் தெரியவில்லை. 

தவறு இப்படிச் சாதிக்குப் போகிறது என்றால் வெற்றி எங்கே போகிறது? இதற்கு அமெரிக்காவில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. விவியன் தாமஸ் என்ற கறுப்பின இளைஞர் தச்சு வேலை தெரிந்தவர். மருத்துவம் படிக்கச் சேர்த்து வைத்த பணம் 1929க்குப் பிறகு வந்த பொருளாதார வீழ்ச்சியில், வங்கி மூடப்பட்டதால் போயிற்று. 1930இல் ஆல்ஃபிரட் பிளேலாக் என்ற வெள்ளை சர்ஜனின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஆய்வு செய்தார், ஆனால் சம்பளப் பதிவேட்டில் அவர் துப்புரவாளர். பிளேலாக்குடன் 1941இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போனார். பிறவியிலேயே இதயக் கோளாறால் உடம்பு நீலம் பாரிக்கிற குழந்தைகளுக்கு ஓர் அறுவை முறையை நாய்களிடம் செய்து செய்து உருவாக்கியது அவருடைய கை. 1944 நவம்பர் 29இல் அது முதன்முதலாக ஒரு குழந்தைக்குச் செய்யப்பட்டபோது, பிளேலாக்கின் தோளுக்குப் பின்னால் ஒரு படிமேடையில் நின்று எப்படித் தைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் தாமஸ். அவருக்கு ஒரு குழந்தையின் உடம்பில் கத்தி வைக்க உரிமை இல்லை. அறுவைக்குப் பெயர் பிளேலாக், டாசிக் இருவர் பெயரால் வந்தது. 1945இல் வெளியான கட்டுரையில் தாமஸ் பெயர் இல்லை. 1976இல்தான் அந்தப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது.

தவறு செய்தால் சாதி முழுவதற்கும் பங்கு. வெற்றி பெற்றால் அடுத்தவன் பேருக்கு வரவு. நிறம் வேறு, கடல் வேறு, கணக்குப்பிள்ளை ஒருத்தன்தான். தாமஸைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கறுப்பர் என்பதால் அவர் கை நன்றாகத் தைக்கவில்லை. திரும்பத் திரும்பச் செய்ததால் தைத்தது. கை என்பது பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு இடம் கொடுப்பதா மறுப்பதா என்பதில்தான் நிறமும் சாதியும் உள்ளே வருகின்றன. 'எத்தனை பண்ணியிருக்கேன்னு கேளுங்க' என்று நம் மருத்துவர் சொன்னதன் பொருள் எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. தன் கையைக் கையாக மட்டும் பார்க்கச் சொன்னார். அவர் சாதிக்காக அவரைத் தேடிப் போன நானும், அவர் சாதிக்காக அவரைத் தவிர்த்துவிட்டுப் போகிறவர்களும், அவர் பல வருடம் தைத்துப் பழகிய அந்தக் கையைப் பார்க்கவே இல்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. ரத்தம் வந்த இடத்தைக் கண்டுபிடித்துக் கட்டிவிட்டார்கள். அப்பா இன்று இருக்கிறார். நெஞ்சில் ஒரு சாண் நீளத் தழும்பு. வேலைக்குப் போவதில்லை, பீடி இல்லை.

ஆனால் தோழர்களே, அப்பா பிழைத்ததால் என் தேர்வு சரி என்று இதை முடிக்க எனக்கு விருப்பமில்லை. அப்படி முடித்தால் 2006இல் கேட்டவனின் கணக்கையே நானும் ஒத்துக்கொண்டதாக ஆகும். ஒரு நோயாளி பிழைத்து ஒரு சாதியின் தகுதியை நிரூபிக்கவும் வேண்டாம், செத்து அதைப் பொய்யாக்கவும் வேண்டாம். அன்று அப்பா இறந்திருந்தாலும் நாங்கள் தேர்ந்தெடுத்த முறை சரிதான். கேட்க வேண்டியதைக் கேட்டோம், பதில் சொன்னவரிடம் போனோம், நெஞ்சுக்குச் சொந்தக்காரர் முடிவு செய்தார். கடைசியாகச் சொன்னது மட்டும் கொஞ்சம் தாமதமாக நடந்தது. அதற்கு நான்தான் பொறுப்பு.

அந்த சர்ஜனுக்கு நாம் தர வேண்டியது நன்றி மட்டுமில்லை. சராசரி மனிதனாகத் தோற்றுப் போகிற உரிமையைத் தர வேண்டும். ஒரு நாள் அவர் கையில் ஒருவர் இறப்பார். எந்த இதய சர்ஜனுக்கும் அது நடக்கும். அன்று அந்த இறப்பு அவருடையதாக மட்டும், அந்த நோயினுடையதாக மட்டும் எழுதப்படுகிற காலம் வர வேண்டும்.

பழைய கேள்விக்கு என் பதிலையும் இப்போது மாற்றிக்கொண்டேன். 'தாராளமா கொண்டு போவேன்' என்று இனி சொல்லமாட்டேன். கேட்கிறவனிடம் திருப்பிக் கேட்பேன்: "உங்க அப்பாவக் கொண்டு போன டாக்டர்கிட்ட நீ என்னென்ன கேட்ட?"